உக்காருங்க ஏட்டும் என் செல்வாக்கும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊர் ஸ்டேஷனில் இருந்த உக்காருங்க ஏட்டு என்னைக் கண்டு பயந்தார் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் உரக்கடைக்கு யூரியா வாங்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன்.

காவிரியின் இரு கரையிலும் தேடினாலும் ஒரு ஊரின் நிம்மதியை அவரைப்போலக் கெடுத்த இன்னொரு போலீஸ்காரர் கிடைக்கமாட்டார். திருடர்களின் நிம்மதியைச் சொல்லவில்லை. அது அவர்களுக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள விவகாரம். நான் சொல்வது என்னைப்போன்ற செல்வாக்குள்ளவர்களின் நிம்மதி.

செல்வாக்கு என்றால்? சொல்கிறேன். நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். இந்த ஊரில் ஸ்டேஷனுக்கு யாரும் தனியாகப் போகமாட்டார்கள். ஆள் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். மாடு காணோம் என்று எழுதிக் கொடுக்க ஒரு ஆள், எழுதிக் கொடுத்ததற்கு நகல் வாங்க இன்னொரு ஆள், ஆளே கிடைக்காதவர்கள் மாட்டை மறந்துவிடுவார்கள். "ஸ்டேஷன்ல நமக்கு ஆள் இருக்கு" என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் நான்.

அந்த ஆள் யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது சொல்வதில் நஷ்டமில்லை. தங்கராசு. ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகிறவர்.

இப்படி நான் சீரும் சிறப்புமாக இருந்த நாளில்தான் அந்த மனுஷர் மாற்றலாகி வந்து சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய காதுகள், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு மீசை. சட்டையில் பெயர் குத்தியிருந்தது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. வாசலில் நிழல் தட்டினாலே எழுந்து நின்று "வாங்க, உக்காருங்க" என்பார். அதனால் அவர் உக்காருங்க ஏட்டு ஆனார்.

போலீஸ் ஸ்டேஷனில் உட்காரச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களின் கண் வாசலைத் தேடும். உட்கார வைக்கிறார்கள் என்றால் எழுந்து போக விடமாட்டார்கள் என்பதுதான் அதுவரை நாங்கள் கண்ட அர்த்தம். முதலில் மாட்டியவர் மேலத்தெரு பக்கிரிசாமி. ஆடு திருட்டுப் போன கேஸில் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டுப் போனார்.

"வெயில்லயா நடந்து வந்தீங்க? முதல்ல தண்ணி குடிங்க. நகல் குடுக்கறது எங்க வேலை, கேக்கறது உங்க உரிமை. எதுக்குக் கூச்சப்படறீங்க?" என்று ஏட்டு செம்பை நீட்டினார்.

பக்கிரிசாமியைப் பெற்ற தாய்கூட அப்படிக் கேட்டிருக்கமாட்டாள். செம்பை வாங்கியதும் மனுஷன் உடைந்துபோய்விட்டார்.

"ஐயா! மடையைத் தொறந்தது நான்தாங்கய்யா! பக்கத்து வயல்காரன் முறையில என் வயலுக்குத் தண்ணிய விட்டது நான்தாங்கய்யா!"

ஏட்டு பொறுமையாகக் கேட்டாராம். "சரிங்க. அதைப் பக்கத்து வயல்காரர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க இப்ப ஆட்டுக்குத்தானே வந்தீங்க? இந்தாங்க நகல். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

பக்கிரிசாமி நேரே பக்கத்து வயலுக்குப் போய் வரப்பில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டார். வருஷக்கணக்கான பகை ஒரு செம்புத் தண்ணீரில் தீர்ந்தது. ஊருக்கே சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பகைக்கு ஆண்டுதோறும் பஞ்சாயத்துப் பேசி, மாலை மரியாதை வாங்கிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்து தகவல் சட்டம் தனபால். ஊரில் எந்த அலுவலகத்துக்கும் மனுப் போடுவார். மறுப்பார்கள், மேல்முறையீடு செய்வார், அதற்கும் மறுப்பார்கள், சென்னைக்குப் போவார். அதுதான் அவர் வாழ்க்கை. ஸ்டேஷன் எல்லையில் எத்தனை சைக்கிள் காணாமல் போயிற்று, எத்தனை கிடைத்தது என்று கேட்டு ஒரு மனுவை எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். ஏட்டு மனுவை இரண்டு முறை படித்தார். "நல்ல கேள்விங்க" என்றார். இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பதிலைக் கையில் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தனபால் என் கடையில் வந்து உட்கார்ந்து பூச்சிமருந்து டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கவலையாகிவிட்டது.

"என்னங்க தனபால்?"

"குடுத்துட்டாருங்க. கேட்டதும் குடுத்துட்டாரு. இனிமே நான் என்னத்தக் கேக்கறது?"

இதற்குமேல் ஏட்டு பண்ணிய அக்கிரமங்களைக் கேளுங்கள். கண் மங்கி எழுத்துத் தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்காக மூன்று பவரில் மூன்று மூக்குக்கண்ணாடி வாங்கி, பேங்கில் பேனாவைக் கட்டிவைப்பதுபோல மேஜைக்காலில் நூலால் கட்டிவைத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் கொடுத்த புகாரை அவர்களுக்கே உரக்க வாசித்துக் காட்டுவார், ரேடியோவில் செய்தி படிப்பதுபோல. அதைக் கேட்டு, "நம்ம கஷ்டம் இவ்வளவு அழகா இருக்கே" என்று ஒரு அம்மாள் கண் கலங்கினாளாம். இதெல்லாம் போதாதென்று மறுநாள் போன் வேறு: "நேத்து வாங்கிட்டுப் போன நகல் தெளிவா இருக்குங்களா?"

என் கடையில் பேச்சு மாற ஆரம்பித்தது. நெல் விதை வாங்க வந்தவர் நின்றபடியே சொன்னார்: "என்ன அண்ணே, கடையில குடிக்கத் தண்ணி வெக்கலியா? ஸ்டேஷன்லயே வெச்சிருக்காங்க."

சும்மா விடுவேனா? நானும் ஒரு பானையும் இரண்டு நாற்காலியும் வாங்கிப் போட்டேன். ஒரு நாற்காலியில் தனபால் வந்து நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் ஏட்டின் பாணியிலேயே ஒரு வாடிக்கையாளரிடம் குழைந்து, "வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "இந்த மூட்டையத் தூக்கிட்டு வந்து வீட்டுல போட்டுடறீங்களா?" என்றார். கேட்டுவிட்ட பிறகு எப்படி மறுப்பது? யூரியா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கீழத்தெரு முழுக்க நடந்தேன். எதிரில் சைக்கிளில் வந்த ஏட்டு இறங்கி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி மல்லிகா அந்த மனிதரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும்:

"என்னங்க, ஒரு தம்ளர் தண்ணி கேட்டா இரு இருங்கறீங்க. அந்த ஏட்டு கேக்காமலே குடுக்கறாராம்."

"அவருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது."

"நான் சோறு குடுக்கறேன்ல?"

இப்படி நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தபோதுதான் அந்த விபரீதம் நடந்தது.

என் மகள் பவித்ரா நர்ஸ். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள். மஸ்கட்டில் வேலை கிடைத்து, எல்லாம் முடிந்து, விசா அடிப்பதற்காக பாஸ்போர்ட்டை அனுப்புவதுதான் பாக்கி. அதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுக்கவேண்டும். "நான் எடுத்துட்டு வர்றேம்மா, நீ அலையாதே" என்று வாங்கிக்கொண்டு கிளம்பியவன் நான்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அது மூடினால் குழந்தை பிறந்து பெயர் வைத்துவிடலாம். அன்றும் மூடியிருந்தது. டீக்கடை பெஞ்சுக்கட்டையில் பாஸ்போர்ட் இருந்த பையை வைத்துவிட்டு, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் போலீஸில் எனக்குள்ள செல்வாக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு சூடு பிடித்த நேரத்தில் கேட் திறந்தது. இரண்டு பக்கமும் ஹாரன். நானும் பாய்ந்து வண்டியை எடுத்துவிட்டேன். ஜெராக்ஸ் கடையில் இறங்கிக் கையை நீட்டினால், கையில் டீ கிளாஸ் இருக்கிறது. பை இல்லை.

திரும்பிப் போனேன். கட்டையும் இருந்தது, டீக்கடைக்காரரும் இருந்தார், பை இல்லை.

வீட்டில் சொன்னபோது பவித்ரா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போலீஸ்ல எழுதிக் குடுத்து, தொலைஞ்சதுக்கு ஒரு தாள் வாங்கணும்ப்பா. அது இருந்தாத்தான் புது பாஸ்போர்ட்டுக்குப் போடமுடியும். இந்த மாசத்துக்குள்ள புது நம்பரைச் சொல்லலேன்னா அவங்க அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுக்குவாங்க" என்றாள்.

"இவ்வளவுதானே! ஸ்டேஷன்ல நமக்கு ஆள் இருக்கு" என்றேன். பழக்கதோஷம்.

நேரே போய் அந்த ஏட்டிடம் கேட்டிருக்கலாம். ஊரே கேட்கிறது. ஆனால் யாரைப் பார்த்து இத்தனை நாள் பொருமினேனோ, அவர் முன்னால் போய் நிற்பதா? தவிர, உள்ளூரப் பயம். ஸ்டேஷன் வாசலை இருபது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மிதித்ததில்லை. எனவே புகாரை எழுதித் தங்கராசுவிடம் கொடுத்தேன். தினமும் விசாரித்தேன்.

"பேசிட்டேன் அண்ணே. ஏட்டையா தலையாட்டினாரு."

மறுநாளும், "ஐயா நல்லாவே தலையாட்டினாரு."

அதற்கு மறுநாள் சட்டையைப் பிடித்துவிட்டேன். "என்னன்னுடா கேட்ட, எதுக்குடா தலையாட்டினாரு?"

தங்கராசு டீத்தூக்கைக் கீழே வைத்தார். "சக்கரை போதுமான்னு கேட்டேன் அண்ணே. பாஸ்போர்ட் பத்திக் கேக்கத்தான் தினம் போறேன். அவரு முகத்தைப் பாத்ததும் சக்கரைதான் வருது." புகார் அவர் சட்டைப்பையிலேயே நாலாக மடிந்து, டீக்கறையோடு இருந்தது.

நாள் போய்க்கொண்டிருந்தது. விடிந்ததும் நான் ரயில்வே கேட்டுக்குப் போய், அந்தக் கட்டையைச் சுற்றிச் சுற்றி வருவேன். ஒருமுறை கட்டைக்கு அடியில் படுத்தும் பார்த்தேன். டீக்கடைக்காரர் என்னைக் கண்டாலே, "இல்லீங்க" என்று தூரத்திலிருந்தே கையை விரிப்பார். வீட்டில் மட்டும், "ஆள் பாத்துக்கிட்டிருக்காரு" என்று முறுக்காகச் சொல்வேன்.

ஒரு சாயங்காலம் பவித்ரா வந்தாள். "அப்பா, நாளைக்கு என்கூட ஸ்டேஷனுக்கு வர்றீங்களா? தனியாப் போகப் பயமா இருக்கு."

மண்டை பிளந்து வருகிறவனுக்கு அசராமல் தையல் போட உதவுகிற பெண், பயமாக இருக்கிறது என்கிறாள். எனக்கு மீசை துடித்தது. "நான் இருக்கேன்ல" என்றேன். அன்று தூக்கம் வரவில்லை என்பதை விட்டுவிடலாம்.

மறுநாள் வெள்ளைச்சட்டை, வெள்ளைவேட்டி, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சால்வை. ஸ்டேஷன் படியேறும்போது, யார் யாருக்குத் துணை என்பது பார்ப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். பவித்ராதான் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

ஏட்டு எழுந்துவிட்டார். "வாங்க சார், வாங்க. உரக்கடை சார்தானே? உங்களைத் தெரியாதவங்க யாரு! உக்காருங்க."

"பரவாயில்லீங்க. நிக்கறேன்."

"உக்காருங்க சார்."

"நிக்கறதுதான் எனக்கு நல்லது."

"மூட்டு வலிங்களா?" உள்ளே போய், கொஞ்சம் உயரமான நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல மடங்காம உக்காரலாம். தண்ணி குடிங்க."

செம்பு கைக்கு வந்ததும் என் புத்தி பேதலித்துவிட்டது. பக்கிரிசாமிக்கு வந்த அதே வியாதி. "ஏட்டையா, கடை போர்டு ரோட்டுப்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கிட்டிருக்குங்க. எடுத்துடறேன். ஹெல்மெட் வீட்டுல இருக்கு, தலைக்குச் சேரல. போன திருவிழாவுல மைக் செட் வெச்சது நான்தான். அப்புறம்..."

"சார், சார்," என்றார் ஏட்டு, ரொம்ப மெதுவாக. "அதெல்லாம் இன்னைக்கு வேணாம். பின்னாடி வரிசையில ஆளு இருக்காங்க."

பவித்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஏட்டு மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டிருந்தது. அவளிடம் கொடுக்கவில்லை. எழுந்து சுற்றிவந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"நீங்களே நேர்ல வந்துட்டீங்க, அப்புறம் என்ன தாமதம்? படிச்சுப் பாருங்க சார். பேருல ஒரு எழுத்து மாறினாலும் பாஸ்போர்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

எழுத்து எதுவும் தெரியவில்லை. கண்ணாடி இல்லாததாலா, வேறு காரணமா என்று இப்போது ஆராயவேண்டாம். அவர் மூன்று கண்ணாடியையும் ஒவ்வொன்றாக என் மூக்கில் மாட்டிப்பார்த்தார். மேஜைக்காலில் கட்டிய நூல் நீளம் பத்தாததால், நான் குனிந்தபடியே என் மகளின் பெயரைப் படித்தேன். சரியாக இருந்தது.

சால்வையை எடுத்தேன். ஏட்டு பின்வாங்கினார். "இதெல்லாம் வாங்கக் கூடாதுங்க."

"வெச்சுட்டுப் போறேன், நீங்க பாக்காத மாதிரி இருங்க."

"வெச்சுட்டுப் போனீங்கன்னா, கண்டெடுத்த பொருள்னு எழுதி, உங்களுக்கே போன் பண்ணி, அடையாளம் சொல்லி வாங்கிட்டுப் போகச் சொல்லணும் சார். உங்களுக்குத்தான் அலைச்சல்."

சால்வையோடு திரும்பினேன். ஆனால் தெருமுனை வருவதற்குள் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. கவனித்தீர்களா? நான் போய் நின்றதும் தாள் வந்துவிட்டது! மகளிடம்கூடக் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார், அதுவும் எழுந்து வந்து, இரண்டு கையால்! "பயந்துட்டாரு" என்று மல்லிகாவிடம் சொன்னேன். தனபாலிடம் சொன்னேன். பக்கிரிசாமியிடம் சொன்னேன். "நம்மளப் பாத்ததும் ஆளு அப்படியே எந்திரிச்சுட்டாரு." அவர் எல்லாருக்கும்தான் எழுந்திருப்பார் என்பதைச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை என் போனில் ஸ்டேஷன் நம்பர். போனை மல்லிகாவின் கையில் திணித்துவிட்டு நேரே குடோனுக்குள் போய்ப் பொட்டாஷ் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். போர்டு, ஹெல்மெட், மைக் செட், எதற்கு வருகிறார்களோ! நேரம் போயிற்று. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால் மல்லிகா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"என்னவாம்?" என்றேன், வெளியே வந்து தும்மியபடி.

"தாள்ல முத்திரை தெளிவா விழுந்திருக்கான்னு கேட்டாரு."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"அவங்க வீட்டுல வத்தக்குழம்பு கசக்குதாம். ஏன்னு சொன்னேன். என்ன மரியாதை, என்ன பொறுமை! நான் பேசறப்ப நடுவுல ஒரு வார்த்தை குறுக்க பேசல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவ்வளவு நேரம் சிரித்துப் பேசியதில்லை. அவளும் என்ன செய்வாள், நடுவில் நான் விட்டால்தானே.

புது பாஸ்போர்ட் நேரத்துக்கு வந்தது. விசாவும் வந்தது. அதற்குள் ஏட்டுக்குக் கோடியக்கரைப் பக்கம் மாற்றல் வந்து அவர் போய்விட்டார். வழியனுப்ப ஊரே பஸ் ஸ்டாண்டில் கூடியது. தனபால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். தங்கராசு ஏட்டுக்குச் சக்கரை அளவு பார்த்து டீ போட்டுக் கொடுத்தார். நான் செத்தால்கூட இவ்வளவு கூட்டம் வருமா என்று எண்ணிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். ஏட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "பொண்ணு என்னைக்கு சார் கிளம்புது?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். இப்போது எனக்கு அவர்மேல் பொறாமை இல்லை. கோடியக்கரை உப்பளத்துக்காரர்கள்மேல்தான்.

காரணம், பவித்ரா கிளம்பிய அன்று தெரிந்துகொண்டது.

திருச்சி ஏர்போர்ட் வாசலில், பெட்டி தள்ளிக்கொண்டு நின்ற யாரோ ஒருவரிடம் நான் வழக்கம்போல ஆரம்பித்திருந்தேன்: "எம் பொண்ணுதாங்க. பாஸ்போர்ட்டே தொலைஞ்சு போச்சு. நான் ஸ்டேஷன்ல போய் நின்னேன் பாருங்க, ஏட்டு அப்படியே..."

பவித்ரா என் கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்களைக் கூட்டிட்டுப் போனதுக்கு முந்தின நாளே நான் தனியாப் போய்ட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"ஸ்டேஷனுக்குத்தான். நீங்க தினம் காலையில ரயில்வே கேட்டுக்குப் போய்த் தேடறதை அவர்கிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டே எழுதினாரு. கொஞ்ச நேரத்துல எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"அப்ப தாள்?"

தாள் அன்றைக்கே தயாராகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. இவள் கையை நீட்டியபோது அவர்தான் அதை டிராயருக்குள் வைத்து மூடியிருக்கிறார்.

"நாளைக்கு அப்பாவக் கூட்டிக்கிட்டு வாம்மா. அவங்க கையில குடுக்கறேன்."